இடது கார்புரேட்டர்

கதிர், போன வாரம் நீ போனை வைத்த பிறகு நான் வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். குழம்பு அடிப்பிடித்த வாடை வந்த பிறகுதான் சுயநினைவு வந்தது. நீ கோபமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாய். "கல்யாண மேடையில எனக்கு மாலை போட மாமாதான் வேணுமாம்மா? என் எந்த விசேஷத்துக்கு வந்து நின்னாரு அவரு? பெரியப்பா வீட்டு அண்ணன் நிக்கட்டும்." அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூட நான் திருப்பிக் கத்தியிருப்பேன். நீ அதை ஒரு கணக்கு முடிந்த விஷயம் மாதிரிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. போனில் பதில் சொல்லப் போனால் நீ நடுவில் பேசுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். பால்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டிய கை இது. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறேன். வேலை முடிந்து அறைக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படி. பசியோடு படிக்காதே.

நம் வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிள் உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதற்கு அடியில்தான் ஒளிந்துகொள்வாய். அது ஓடி நீ பார்த்ததே இல்லை. உன் அப்பாவிடம் கேட்டால் "பார்ட்ஸ் இல்லடா" என்பார். பாதி உண்மை அது. எனக்குக் கல்யாணமான புதிதில், திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பாய் வீட்டுக் கொட்டகையில் அந்த வண்டி நின்றது. அவர்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் தங்கிவிட்டார், ஓட்ட ஆளில்லை. என் தம்பி, உன் மாமா, அப்போது அங்கே எங்கள் அம்மா வீட்டில் இருந்து அடுத்தவர் படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்துவிட்டு நேரே திருவேட்டக்குடிக்கு ஓடிவந்தான். "மச்சான், ரெட்டை சிலிண்டர் மச்சான்! நீங்க ஒருக்கா வந்து சத்தத்தை மட்டும் கேளுங்க" என்றான். உன் அப்பா துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர். சத்தம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். தனியாக வாங்க ரெண்டு பேராலும் முடியாது. சேர்ந்து வாங்கினார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு வண்டியைக் கூட்டாக வாங்கியதைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் பெருமையாக இருந்தது. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரு வண்டியில் ஏறி வருவது எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும், சொல்.

உனக்கு வண்டி விஷயம் அதிகம் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மற்ற வண்டிக்கெல்லாம் ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குள் அனுப்புகிற, உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான் அது. இந்த வண்டிக்கு ரெண்டு சிலிண்டர், அதனால் ரெண்டு கார்புரேட்டர். ரெண்டும் ஒரே அளவு மூச்சு வாங்க வேண்டும். ஒன்று கூட வாங்கி ஒன்று குறைய வாங்கினால் வண்டி உதறும், இழுக்காது, ஒரு பக்கம் மட்டும் சூடேறும். ரெண்டையும் சமப்படுத்துவதைத்தான் அவர்கள் ட்யூனிங் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொதிக்கும் நேரத்தில் வாசலில் அதுதான் நடக்கும். உன் அப்பா வலது பக்கம் குந்துவார், தம்பி இடது பக்கம். ஒருவர் கையை ஒருவர் நம்ப மாட்டார்கள். அதனால் வலது கார்புரேட்டர் அவருடையது, இடது இவனுடையது என்று ஆகிப்போனது. காற்றைக் கூட்டிக் குறைக்கிற ஸ்குரூவைத் திருக ஆளுக்கொரு ஸ்குரூடிரைவர். வலது பிளக் வயரைக் கழற்றிவிட்டு இடதை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், பிறகு இடதைக் கழற்றிவிட்டு வலதை. கடைசியில் ரெண்டையும் சேர்த்து ஓடவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ரெண்டு சைலன்சருக்கு முன்னாலும் ரெண்டு உள்ளங்கையை நீட்டுவேன். புகை வந்து கையில் மோதும். எந்தப் பக்கம் பலமாக மோதுகிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சத்தத்தில் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ஆளாளுக்குத் தன் பக்கம்தான் சரி என்பார்கள். என் கை யார் பக்கமும் சாயாது என்பதில் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து.

உன் காதுகுத்து பற்றி உனக்கு நாங்கள் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. நீ அப்போது விழாமல் ஓடத் தொடங்கியிருந்தாய். நம் குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அது உனக்கும் தெரியும். தம்பி அதற்காக எத்தனை நாள் ஆசையோடு இருந்தான் என்பது எனக்குத் தெரியும். உனக்கென்று அவனே நின்று செய்யச் சொன்ன தங்கத் தோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியில் தனியாகப் பட்டினத்திலிருந்து கிளம்பினான். சீர்த்தட்டோடு எங்கள் அம்மாவும் மற்றவர்களும் வேனில் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். இவன் மட்டும் வரவில்லை. அப்போது கையில் போன் ஏது? கோயில் வாசலுக்கும் சாலைக்கும் நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது. ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். பெரியவர்கள் நேரம் போகிறது என்கிறார்கள். கடைசியில் உன் பெரியப்பா மடியில் உன்னை உட்கார வைத்து, உன் அத்தை காதில் கிடந்த சின்னத் தோட்டைக் கழற்றிப் போட்டுக் குத்திவிட்டார்கள். நீ அழுத அழுகை இன்னும் அடங்கவில்லை, சாலையில் உன் மாமா வருகிறான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறான். அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இன்ஜின் இறுகி நின்றுவிட்டதாம். பஸ்ஸில் ஏறி வந்திருக்கலாம். வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு வர மனசில்லாமல், காரைக்கால் டவுன் முழுக்க, கோட்டுச்சேரி முழுக்க அந்த இரும்பைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். புதுச்சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. உன் காதைப் பார்த்தான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை.

பேசாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் அப்பா பயத்திலும் பதற்றத்திலும் இருந்தவர், "முறுக்கு முறுக்குன்னு முறுக்கிட்டு வந்திருப்ப. இன்ஜின் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுவிட்டார். தம்பி நிமிர்ந்து பார்த்தான். "நேத்து யாரு மச்சான் என் பக்கத்து ஸ்குரூவைத் தொட்டது? காத்தைக் கூட்டி வச்சிட்டு என்னைய ஓட்டச் சொன்னா இறுகாம என்ன பண்ணும்? நீங்க வேணுமின்னே பண்ணீங்க. உங்க அண்ணன் மடியில குத்தணும்னு பண்ணீங்க." அது அபாண்டம். அவனுக்கே தெரியும் அது அபாண்டம் என்று. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது, நூறு பேர் காதில் விழுந்துவிட்டது. உன் அப்பா அவனைக் கோயில் வாசலிலேயே கை நீட்டப் போனார், பிடித்து விலக்கினார்கள். மறுநாள் மதியம் தம்பி வந்தான். யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. தார்ப்பாயைத் தூக்கி, இடது கார்புரேட்டரைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். உன் அப்பா அந்த வாரமே இன்ஜினைப் பிரித்து, பழுது பார்த்து, புதிதுபோல ஆக்கி வைத்தார். வைத்துவிட்டு வலது கார்புரேட்டரையும் கழற்றித் தன் டூல் பெட்டியில் போட்டுப் பூட்டினார். அவன் கொண்டுவந்து மாட்டட்டும் என்று இவர் காத்திருந்தார். இவர் கூப்பிடட்டும் என்று அவன் காத்திருந்தான். அப்படியே உனக்கு மீசை முளைத்துவிட்டது.

நானும் சும்மாதான் இருந்தேன், கதிர். ஆண்பிள்ளைகள் ஆறட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறிப்போனதை யாரும் எடுத்துச் சூடு பண்ணாமல் விட்டால் அது அப்படியே இறுகிவிடும் என்று அப்போது தெரியவில்லை. எங்கள் அம்மா இறந்தபோதுகூட ரெண்டு பேரும் பாடையின் ரெண்டு பக்கம் நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பொங்கலுக்கு நான் மட்டும் பஸ் ஏறிப்போய் வருவேன். உனக்குப் பள்ளிக்கூடப் பருவத்தில் வந்த பொங்கல் துணியெல்லாம் மாமா எடுத்ததுதான். அப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். உன் வருங்காலப் பெண்டாட்டியோடு நீ சண்டை போடுவாய், போடத்தான் வேண்டும், சண்டையில்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் ஆளுக்கொரு பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு தனித்தனியாகப் போய் உட்காராதீர்கள். சத்தம் போட்டாலும் ஒரே வாசலில் நின்று போடுங்கள். உனக்கு நான் சொல்கிற கல்யாணப் புத்தி இவ்வளவுதான், மற்றதெல்லாம் உனக்கே வரும்.

நீ போனில் சொன்னதற்கு மறுநாள், உன் அப்பா துறைமுகத்துக்குப் போன பிறகு, அவர் டூல் பெட்டியைத் திறந்தேன். சாவி சாமி மாடத்தில்தான் இருக்கும். வலது கார்புரேட்டர் எண்ணெய்த்துணியில் சுற்றி அடியில் கிடந்தது. மீன் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டினம் பஸ் ஏறினேன். தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து படகு இன்ஜின் பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, திடீர்னு?" என்று எழுந்தான். நான் பையைக் கவிழ்த்து அவன் கையில் வைத்தேன். துணியை விலக்கிப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூக்கில் வைத்து மோந்தான்.

"மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

"சத்தம் போடுவாரு."

"போடட்டும்" என்றவன், உள்ளே பார்த்து, "பூங்கொடி, மேல பரண்ல அந்த பிஸ்கட் டப்பா இருக்கும், எடு" என்றான். அவன் பெண்டாட்டி எடுத்துவந்த டப்பாவுக்குள் பழைய பனியன் துணியில் சுற்றி இடது கார்புரேட்டர் இருந்தது. நேற்றுத் துடைத்து வைத்த மாதிரி மினுமினு என்று. பூங்கொடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இதுக்குப் பொட்டு வச்சிட்டுத்தான் அண்ணி படகுக்கே வைப்பாரு. எனக்கு என்ன ஏதுன்னே சொல்ல மாட்டாரு." தம்பி அவளை முறைத்தான். பிறகு ரெண்டையும் சேர்த்து என் பைக்குள் போட்டான். "கொண்டு போக்கா. மாட்டி ஓட்டச் சொல்லு. பிள்ளை கல்யாணத்துல அந்த வண்டி ஓடட்டும். நான் வரல." நீ சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்டான், "கதிருக்கு என் முகம் ஞாபகம் இருக்குமாக்கா?" என்று. நான் புடவை மடிப்பைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் உன் அப்பா வந்து சாப்பிட உட்காரும் முன்பு ரெண்டையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் சத்தம் போடவில்லை. இடதைத்தான் முதலில் கையில் எடுத்தார். "நல்லாத்தான் வச்சிருக்கான்" என்றார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. தார்ப்பாயை எடுத்துவிட்டு, ரெண்டையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பெட்ரோல் வரும் ஊசித்துளை மாதிரி இருக்கும் ஜெட்டையெல்லாம் ஊதி ஊதிச் சுத்தம் பண்ணி மாட்டினார். பெட்ரோல் ஊற்றி உதைத்தார். எத்தனை உதை என்று கேட்காதே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து உதைத்தார். கடைசியில் வண்டி எழுந்தது. எழுந்து இருமியது. வலது பக்கம் மட்டும் ஓடுகிறது, இடது பக்கம் நினைத்தால் வருகிறது, இல்லாவிட்டால் இல்லை. சத்தம் தானாக ஏறுகிறது, தானாக விழுகிறது. ஊரில் எந்த இன்ஜினையும் படுக்க விடாத மனுஷன், அந்த ஒரு நாள் முழுக்க இடது பக்க ஸ்குரூவைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "அது அவன் கைக்குத்தான் கேக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டேன். "ஓடலடா" என்றேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டான். "இடது." "நாளைக்குத் தொழிலுக்குப் போகல. காலையில வரேன்" என்றான்.

வந்தான். அப்பாவிடம் "வாங்க" கிடையாது, அவனிடம் "வரேன் மச்சான்" கிடையாது. நேரே போய் வண்டிக்கு இடது பக்கம் குந்தினான். உன் அப்பா ஏற்கெனவே வலது பக்கம் குந்தியிருந்தார். நடுவில் நான். அன்று காலை நடந்ததை நீ பார்த்திருந்தால் சிரித்துச் செத்திருப்பாய்.

"அக்கா, வலது பக்கம் ஏர் ஸ்குரூ எத்தனை சுத்து வெளியில வச்சிருக்குன்னு கேளு."

"ஒன்றரைன்னு சொல்லு."

"ரெண்டு பக்கமும் ஒன்றரையில இருந்தா ஏன் இருமுதுன்னு கேளு."

"அதைக் கண்டுபிடிக்கத்தானே ஐயாவைக் கூப்பிட்டதுன்னு சொல்லு."

ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படுகிற தூரம். ஆனாலும் சேதி என் வழியாகத்தான் போய் வந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டால் கார்புரேட்டரின் வாய் தெரியும். உள்ளே ஒரு சின்னக் கதவு, ஸ்லைடு என்பார்கள். ஆக்சிலேட்டரை முறுக்கினால் அது மேலே எழும்பும். ரெண்டு கதவும் ஒரே நேரத்தில் எழும்பி ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், அதுதான் முக்கியம். தம்பிக்கு இப்போது கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது. அப்பாவுக்குப் படகு இன்ஜின் சத்தத்திலேயே கிடந்து காது மந்தம். அதனால் என்னை விரல் விடச் சொன்னார்கள். இந்த வாயில் ஒரு விரல், அந்த வாயில் ஒரு விரல். தம்பி ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்கினான். "இடது பிந்துதுடா" என்றேன். கேபிளின் தலையில் இருக்கும் திருகை ஒரு இழை தளர்த்தினான். மறுபடி முறுக்கினான். "இப்பவும் துளி பிந்துது." என் விரல் உள்ளேயே இருக்கிறது. உன் அப்பா ஏதோ யோசனையில் எழுந்து, பழக்கதோஷத்தில் கிக்கர் மேல் காலை வைத்துவிட்டார்.

"மச்சான்! காலை எடுங்க! அக்கா விரல் உள்ள இருக்கு!"

அந்தக் கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக் கோழி பறந்து ஓடியது. அப்பா காலை எடுத்துவிட்டார். காது குத்தின நாளுக்குப் பிறகு தம்பி வாயிலிருந்து அவரை நேராகக் கூப்பிட்ட முதல் வார்த்தை அது. அப்பாவுக்குக் காது மந்தம் என்று சொன்னேனே, அது அன்றைக்கு அவருக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு, "தெரியும்டா. எனக்குத் தெரியாதா? சும்மாதான் வச்சேன்" என்றார். "சும்மா வைக்கிற எடமா அது? விரல் போயிருந்தா?" என்று இவன் எகிற, "நீ முதல்ல கேபிளை ஒழுங்கா இழு" என்று அவர் எகிற, அதற்கப்புறம் நான் தேவைப்படவில்லை. நேராகவே சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் விரலைத் துடைத்துக்கொண்டு போய் டீ போட்டேன். அடுப்பைப் பற்ற வைக்கத் தீக்குச்சியை உரசினால் எரியவே மாட்டேன் என்கிறது.

டீயோடு வந்தபோது ரெண்டு பேரும் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு ரெண்டும் சேர்ந்து எழும்புகிறது, திருகெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் சத்தம் தானாக ஏறுகிறது. உன் அப்பா எண்ணெய்க் குப்பியை எடுத்து, இடது கார்புரேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கிற ரப்பர் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். சட்டென்று சத்தம் இறங்கியது. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கழற்றி வெயிலில் பிடித்தார்கள். ரப்பரின் அடிப்பக்கம் தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பு. அது வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போயிருக்கிறது. காற்று கூடிப்போனால் அந்தப் பக்கம் சூடேறி இறுகிவிடும். அதை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

தம்பி ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "இது அன்னைக்கே வெடிச்சிருக்கும் மச்சான்" என்றான் மெதுவாக. "நீங்க ஸ்குரூவைத் தொட்டதுனால இல்ல."

உன் அப்பா ரப்பரை வாங்கிப் பார்த்தார். இன்ஜின் மெக்கானிக், கதிர். ரப்பரைத் தொட்டால் அதன் வயசு சொல்கிறவர். "ஆமா மாப்ள" என்றார். "அன்னைக்கேதான். நீ முறுக்குனதுல ஒண்ணும் இல்ல. யாரு ஓட்டியிருந்தாலும் நின்னிருக்கும்."

அது அன்றைக்கு வந்த வெடிப்பு இல்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை உன் அப்பா அந்த வண்டியைத் துடைத்து, ரப்பருக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவுவார். நான்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாலைந்து வருஷத்துக்கு முன்புகூட அது முழுசாக இருந்தது, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கும் தெரியும். தம்பிக்கும் தெரியாமல் இருக்காது, நாளெல்லாம் ரப்பர் குழாயோடு புழங்குகிறவன். ரெண்டு பேரும் அந்த ஒரு துண்டு ரப்பரை நடுவில் வைத்துக்கொண்டு, தலையைத் தலையை ஆட்டி, அதன் மேலேயே எல்லாப் பழியையும் போட்டார்கள். "கடைக்காரன் அப்பவே பழைய சரக்கைக் குடுத்திருக்கான்" என்றார் இவர். "பின்ன? வேற என்ன?" என்றான் அவன். நான் டீயை நீட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நல்ல நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சைக்கிள் டியூபைக் கிழித்து வெடிப்பின் மேல் இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினார்கள். புது ரப்பருக்குச் சென்னையில் சொல்லியிருக்கிறார்கள், கல்யாணத்துக்குள் வந்துவிடும். கட்டி முடித்து அப்பா உதைத்தார். வண்டி எழுந்தது. இருமல் இல்லை. அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படிச் சொல்வேன்? ஒரு படகுக்கு ரெண்டு பேர் சேர்ந்து துடுப்புப் போடுகிற மாதிரி, ஒன்றை ஒன்று முந்தாமல் வந்தது. நான் யாரும் கூப்பிடாமலே பின்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். ரெண்டு உள்ளங்கையிலும் புகை ஒரே மாதிரி வந்து மோதியது. கண் எரிந்தது, எண்ணெய்ப் புகை. "எப்படிடி?" என்று கேட்டார் அப்பா. "ஒரே மாதிரி இருக்கு" என்றேன். தம்பி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், அவனுக்கும் புகைதான் என்று வைத்துக்கொள்.

முதலில் ரெண்டு பேரும் ஏறித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடினார்கள். திரும்பி வந்ததும் அப்பா இறங்கிக்கொண்டு, "மாப்ள, உங்க அக்காவ பூவம் வரைக்கும் கூட்டிட்டுப் போய்ட்டு வா" என்றார். அந்தக் காலத்தில் நான் உன் அப்பா பின்னால் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். தம்பி பின்னால் ஒரு தடவைகூட ஏறியதில்லை. வண்டி வாங்கின புதிதில் அவன் கூப்பிடுவான், நான்தான் அவன் வேகத்துக்குப் பயந்து மாட்டேன் என்பேன். அன்று ஏறினேன். விழாமல் இருக்க அவன் தோளைப் பிடித்தேன். கடலில் வலை இழுத்த தோள், கல் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். எலும்புதான் கையில் பட்டது, கதிர். என் தம்பிக்கு எப்போது இவ்வளவு வயசானது என்று எனக்குத் தெரியவில்லை. வயலுக்கு நடுவே ரோடு, ரெண்டு பக்கமும் நடவு முடிந்த பச்சை. மெதுவாகத்தான் ஓட்டினான். பூவம் எல்லையில் திருப்புவதற்காக நிறுத்தியவன், இன்ஜினை அணைக்காமல், முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"அக்கா, கதிர் இப்ப என்னைவிட உயரமா?"

"ஒரு தலை உயரம்டா."

"அப்ப மாலை போட எனக்கு எட்டாதே. முக்காலி கிக்காலி போட்டா நல்லா இருக்காது. எப்படிக்கா செய்யிறது?"

நிஜமான கவலையோடு கேட்டான். மேடையில் எங்கே நிற்பது, எந்தக் கையில் மாலையைப் பிடிப்பது என்று மனசுக்குள் செய்து பார்த்திருக்கிறான் போல.

"அவன் குனிவான்டா" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.